சோம் போர்க்களத்தில் இரண்டரை நாள்: எந்த மேட்டில் எந்த டிவிஷன் என்று காட்டிய வழிகாட்டி

வட பிரான்சின் ஆல்பெர் நகரத்தில் சோம் போர்க்களத்தைச் சுற்றிக் காட்டும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1ல் தொடங்கி, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் ஜெர்மானியரைத் தாக்கிய இடம் இது. பெரும்பாலான சுற்றுலாக்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வெடிப்பள்ளம், ஒரு நினைவு மண்டபம், ஒரு கல்லறைத் தோட்டம், மதியச் சாப்பாடு, அப்புறம் இன்னொரு கல்லறைத் தோட்டம். சில வருடங்களுக்கு முன் நான் ஒருமுறை அப்படித்தான் போய்விட்டு வந்தேன். மனசு கனத்தது, ஆனால் எதுவும் புரியவில்லை. இந்த முறை என் தாய்மாமாவோடு போனேன். மாமா இந்திய ராணுவத்தின் சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு வெறும் சோகக் கதை போதாது, எந்தப் பட்டாலியன் எங்கே நின்றது, யார் ஆணை கொடுத்தது, அந்த ஆணை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். தேடிப் பிடித்ததில் படைப்பிரிவு வாரியாகக் களத்தை விளக்கும் ஒரு வழிகாட்டி கிடைத்தார். இரண்டு முழு நாள் சோம், மூன்றாம் நாள் காலை, 1915ல் இந்தியப் படை போரிட்ட நவ் ஷாப்பெல் கிராமம். இதில் ஆர்வம் உள்ள யாரும் தயங்காமல் போகலாம். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதல் நாள் காலை வண்டியில் ஏறியதும் அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பையிலிருந்து பன்னிரண்டு சின்ன மரக்கட்டைகளை எடுத்தார், நான்கு சிவப்பு, நான்கு நீலம், நான்கு மஞ்சள். ஒவ்வொன்றும் ஒரு பட்டாலியன், ஏட்டுக் கணக்கில் சுமார் ஆயிரம் பேர், தலைவர் ஒரு லெப்டினன்ட் கர்னல். ஒரே நிறத்தில் நான்கு சேர்ந்தால் ஒரு பிரிகேட். மூன்று நிறமும் சேர்ந்து, பீரங்கி, பொறியாளர், மருத்துவப் பிரிவு எல்லாம் கூடினால் ஒரு டிவிஷன், கிட்டத்தட்ட பதினெட்டாயிரம் பேர், தலைமையில் ஒரு மேஜர் ஜெனரல். இரண்டு, மூன்று, நான்கு டிவிஷன்களைக் கட்டி மேய்ப்பது கோர். பல கோர்கள் சேர்ந்தது ஓர் ஆர்மி. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறதுதான். ஆனால் கோர் என்பது வெறும் கூடு மாதிரி, டிவிஷன்கள் அதற்குள் வரும், போகும், கோர் மட்டும் அதே இடத்தில் இருக்கும், கனரகப் பீரங்கிகளும் அதன் கையில் இருக்கும் என்று அவர் சொன்னது எனக்குப் புதுசு. கனடாக்காரர்களும் ஆன்சாக் என்ற ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரும்தான் தங்கள் டிவிஷன்களைப் பெரும்பாலும் ஒன்றாகவே வைத்துக்கொண்டார்கள். மற்ற பிரிட்டிஷ் டிவிஷன்களுக்கு மேலே இருக்கும் கோர் தளபதி மாறிக்கொண்டே இருந்தார். இந்த மாதம் ஒருவர் கேட்ட முறையில் பயிற்சி, அடுத்த மாதம் இன்னொருவர் பாணி.

இன்னொன்றும் சொன்னார். 1914 ஆகஸ்டில் பிரான்சுக்கு வந்த பிரிட்டிஷ் படையில் முதலில் இருந்தது நான்கு காலாட்படை டிவிஷனும் ஒரு குதிரைப்படை டிவிஷனும்தான். 1916 கோடையில் அந்த எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டது. அன்று ஒரு கோருக்குத் தலைவராக வந்த ஹெய்க் இப்போது மொத்தப் படைக்கும் தளபதி. பிரிகேட் நடத்தியவர்கள் டிவிஷன் நடத்துகிறார்கள், டிவிஷன் நடத்தியவர்கள் கோர் நடத்துகிறார்கள். வேலையை வேலையிலேயே கற்றுக்கொள்ள வேண்டிய நிலை. மாமா இதைக் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டே, “ப்ரமோஷன் வேகமா வந்தா அனுபவம் பின்னாடி நடந்துதான்டா வரும்” என்றார்.

முதல் நிறுத்தம் செர் கிராமம். நான்காவது ஆர்மியின் வட கோடி. 1916 ஜூலை 1 காலை 7.30க்கு இங்கே பதுங்குகுழியிலிருந்து மேலேறித் தாக்கியது 31வது டிவிஷன், ஹன்டர்-வெஸ்டனின் எட்டாவது கோரைச் சேர்ந்தது. வழிகாட்டி ஈரமான புல்லில் மரக்கட்டைகளை வைத்தார். இடது பக்கம் 94வது பிரிகேட்: ஷெஃபீல்டு, ஆக்ரிங்டன், பார்ன்ஸ்லியின் இரண்டு பட்டாலியன்கள். வலது பக்கம் 93வது: லீட்ஸ், பிராட்ஃபோர்டின் இரண்டு, டர்ஹாம். பின்னால் ஹல் நகரத்தின் நான்கு பட்டாலியன்கள் கொண்ட 92வது. இவர்கள் எல்லாம் ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே தெரு என்று சேர்ந்து பெயர் கொடுத்த ‘பால்ஸ்’ (கூட்டாளிகள்) பட்டாலியன்கள். ஆக்ரிங்டன்காரர்கள் சுமார் 720 பேர் போனார்கள், 584 பேர் இறந்தோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். முன்னணிப் பதுங்குகுழியின் தடம் அந்தச் சிறு காட்டின் ஓரத்தில் இன்னும் பள்ளமாகத் தெரிகிறது. அதில் நின்று மேலே பார்த்தால் செர் கிராமத்தின் கூரைகள் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. சரிவு அவ்வளவு மென்மையானது, மறைவதற்கு ஒரு வரப்புகூட இல்லை. அவர் சிவப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் குழுவில் எட்டுப் பேர், ஒருவரும் பேசவில்லை.

அடுத்தது போமோன்-ஆமெல் பக்கத்திலுள்ள நியூஃபவுண்ட்லாந்து நினைவுப் பூங்கா. நியூஃபவுண்ட்லாந்து இன்று கனடாவின் ஒரு பகுதி. முதல் நாளின் மிகச் சிறந்த இரண்டு மணி நேரம் இதுதான். இங்கே 29வது டிவிஷன், தளபதி டி லைல். பூங்காவுக்கு வெளியே, சற்றுத் தள்ளி ஹாதார்ன் மேடு. அதன் அடியில் வைத்த சுரங்கவெடியை, பதினெட்டு டன்னுக்கும் மேல் வெடிமருந்து, 7.20க்கே வெடிக்க வைத்தார்கள், தாக்குதலுக்குப் பத்து நிமிடம் முன்னால். கோர் தளபதி இன்னும் பல மணி நேரம் முன்னதாக வெடிக்க வேண்டும் என்றாராம், மேலிடம் மறுத்தது, கடைசியில் பத்து நிமிடம் என்று பேசி முடித்தார்கள். அதோடு சேர்த்து அந்தக் கோரின் கனரகப் பீரங்கிகளும் 7.20க்கே இலக்கைப் பின்னுக்கு மாற்றிவிட்டன. எதிரில் இருந்த ஜெர்மானியர்களுக்கு, சுண்ணாம்புப் பாறையில் ஆழமாகத் தோண்டிய அறைகளிலிருந்து மெஷின் கன்னைத் தூக்கிக்கொண்டு மேலே வரப் பத்து நிமிடம் தாராளமாகப் போதும். இந்தப் பேரத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஆனால் அந்த மேட்டையும் இந்தப் பதுங்குகுழியையும் ஒரே பார்வையில் பார்க்கும்போதுதான் பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று உறைத்தது.

29வது டிவிஷனின் சின்னம் ஒரு சிவப்பு முக்கோணம். பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கும் விமானத்துக்கும் நம் ஆட்கள் எதுவரை போயிருக்கிறார்கள் என்று தெரியட்டும் என, பிஸ்கட் டின் தகரத்தை முக்கோணமாக வெட்டி வீரர்களின் முதுகில் மாட்டியிருந்தார்கள். வழிகாட்டி அப்படி ஒரு தகரத்தை வெட்டிக் கொண்டுவந்திருந்தார், கையில் கொடுத்தார். வெயில் பட்டதும் பளிச்சென்று கண்ணைக் கூசியது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ அவங்களுக்கு முன்னாடி லைனே இல்லையா?” என்று கேட்டார். இல்லைதான். பின்புறத் தொலைபேசிக் கம்பிகளை ஆறடி ஆழத்தில் புதைத்தார்கள், தங்கள் முன்னணிப் பதுங்குகுழி வரை அது தாங்கும். அதைத் தாண்டினால் தரையில் இழுத்துக்கொண்டு போகிற கம்பி, முதல் குண்டிலேயே அறுந்துவிடும். அப்புறம் ஓடிப்போய்ச் சேதி சொல்பவன், புறா, வெளிச்சக் குண்டு, இந்தத் தகரம். கையில் தூக்கிப்போகும் ரேடியோ எல்லாம் பிற்காலத்துச் சமாச்சாரம். மாமா தகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “லைன் போயிருச்சுன்னா மேல இருக்கறவனுக்குக் கண்ணு போன மாதிரிடா” என்றார். அதற்கு அப்புறம் அந்த இரண்டு நாளும் எங்கே நின்றாலும் அவர் முதலில் கேட்டது ‘லைன் எதுவரை இருந்தது’ என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு மிகக் கொடுமையான பதில் இதே பூங்காவில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் வெள்ளை வெளிச்சக் குண்டுகள் எழுந்தன. அவை தங்கள் ஆட்கள் முன்னேறிவிட்டதற்கான அடையாளம் என்று டிவிஷன் தலைமை நினைத்தது, அவை ஜெர்மானியர் விட்டவை. ரிசர்வில் இருந்த 88வது பிரிகேடிலிருந்து எசெக்ஸ் பட்டாலியனையும் நியூஃபவுண்ட்லாந்துப் படையையும் அனுப்பச் சொன்னார்கள். முன்னணிக்குப் போகும் பதுங்குகுழிகள் பிணங்களாலும் காயம்பட்டவர்களாலும் அடைத்துக் கிடந்தன. நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் பின் வரிசையிலிருந்தே மேலேறித் திறந்த வெளியில் நடந்தார்கள். சுமார் 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னது 68 பேர். வழிகாட்டி எங்களை அவர்கள் புறப்பட்ட இடத்திலிருந்தே நடக்க வைத்தார். சொந்த முள்கம்பி வேலியை அடையவே கால் மணி நேரத்தில் பாதி ஆகிவிட்டது. இதை எந்தப் பேருந்துச் சுற்றுலாவும் செய்யாது. அவர்கள் வாசலில் இறக்கிவிட்டு, அந்தப் படையின் சின்னமான கரிபு மான் சிலையிடம் படம் எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

தியெப்வாலில் லட்யென்ஸ் வடிவமைத்த மாபெரும் மண்டபம், கல்லறை கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். அதைப்பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னை இங்கே நிறுத்தியது அதற்கு வடக்கே உள்ள அல்ஸ்டர் கோபுரத்தின் சரிவு. அயர்லாந்தின் வடபகுதிக்காரர்களைக் கொண்ட 36வது அல்ஸ்டர் டிவிஷன் 7.30க்கு முன்பே தங்கள் குழியை விட்டு வெளியேறி, எதிரியின் கம்பிக்கு அருகில் போய்ப் படுத்துக்கொண்டது. பீரங்கி நின்றதும் எழுந்து ஓடி ஜெர்மானியரின் பலமான ஷ்வாபன் அரணையே பிடித்துவிட்டது. ஆனால் வலப்பக்கம் தியெப்வால் கிராமம் விழவில்லை, இடப்பக்கமும் யாரும் வரவில்லை. மூன்று பக்கமும் குண்டு. பத்தாவது கோரின் தளபதி மோர்லண்ட் பல கிலோமீட்டர் பின்னால் ஒரு மரத்தில் கட்டிய பரணிலிருந்து களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் 49வது டிவிஷன் ரிசர்வில் இருந்தது. அதை வெற்றி பெற்ற இடத்துக்கு அனுப்புவதா, தோற்ற இடத்துக்கு அனுப்புவதா என்பதுதான் அன்றைய கேள்வி. அது துண்டு துண்டாகப் போனது, தாமதமாகப் போனது, இரவுக்குள் அரண் கைவிட்டுப் போனது. வழிகாட்டி மோர்லண்டைத் திட்டவில்லை, ‘அந்தப் பரணிலிருந்து என்ன தெரிந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்டு எங்களைத் திருப்பி நிற்க வைத்தார். புகையில்லாத தெளிந்த பகலிலேயே எனக்கு மரங்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் லா புவாசெல். லாக்நகர் வெடிப்பள்ளம் பிரம்மாண்டமானது, விளிம்பைச் சுற்றிப் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். கூட்டம் அதிகம், நேரம் குறைவு, அதனால் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம். 34வது டிவிஷனின் தளபதி இங்கோவில்-வில்லியம்ஸ் தன் பன்னிரண்டு பட்டாலியனையும் ஒரே நேரத்தில் இறக்கினார். அதில் டைன்சைட் ஐரிஷ் பிரிகேட் தங்கள் சொந்த முன்னணி வரிசையை அடையவே ஒரு மைல் திறந்த சரிவில் நடக்க வேண்டியிருந்தது. அன்று ஆறாயிரத்துக்கும் மேல் இழந்த இந்த டிவிஷனுக்குத்தான் எல்லா டிவிஷன்களிலும் அதிக இழப்பு. மூன்று வாரம் கழித்து ஜூலை 22ல் அந்த ஜெனரலே குண்டு வெடித்து இறந்தார். ஜெனரல்கள் எல்லாம் மாளிகையில் மது குடித்துக்கொண்டிருந்தார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. 1915ல் லூஸ் சண்டையில் மட்டும் காப்பர், தெசிஜர், விங் என்று மூன்று டிவிஷன் தளபதிகள் செத்தார்கள். அந்தப் பேச்சு தப்பு என்பதை இந்தச் சுற்றுலா பொறுமையாகக் காட்டுகிறது.

இரண்டாம் நாளுக்காகத்தான் நான் இந்தச் சுற்றுலாவைப் பரிந்துரைக்கிறேன். பலர் முதல் நாளோடு திரும்பிவிடுகிறார்கள். ஜூலை 1 என்றால் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தும் காயமடைந்தும் காணாமலும் 57,470 இழப்பு, அதில் 19,240 பேர் சாவு, அவ்வளவுதான் கதை என்று நினைத்துவிடுகிறார்கள். செர்ரிலிருந்து மோந்தோபான் நேர்க்கோட்டில் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். அதே நாள், அதே ஆர்மி, அதே 7.30. இங்கே காங்கிரீவின் பதின்மூன்றாவது கோர், அதில் மாக்ஸியின் 18வது டிவிஷனும் ஷேயின் 30வது டிவிஷனும், குறித்துக் கொடுத்த இலக்குகள் அத்தனையையும் பிடித்தன. மோந்தோபான் காலை பத்து மணி வாக்கிலேயே விழுந்துவிட்டது. கார்னுவா பக்கம் ஒரு மண் சாலையில் நின்று வழிகாட்டி மறுபடியும் கட்டைகளை வைத்தார், இந்த முறை 30வது டிவிஷனுக்கு. லிவர்பூல் நகரத்துப் பட்டாலியன்கள், மான்செஸ்டர் நகரத்துப் பட்டாலியன்கள். எனக்கு உடனே புரியவில்லை, மாமாதான் பிடித்தார். “இதுவும் பால்ஸ்தானே? நேத்துப் பார்த்த மாதிரி ஊர்க்காரப் பசங்கதானே?” ஆமாம். அதே மாதிரி எழுத்தர்கள், அதே மாதிரி ஆலைத் தொழிலாளர்கள், அதே இரண்டு வருடப் பயிற்சி. பழகாத படை என்பதால்தான் செர்ரில் தோற்றார்கள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்த எனக்கு அந்த மண் சாலை நல்ல அடி.

அப்படியானால் என்ன வித்தியாசம்? அவர் ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடவில்லை, அது பிடித்திருந்தது. வலப்பக்கத்தில் பிரெஞ்சுப் படை, அவர்களின் கனரகப் பீரங்கிகள் அதிகம், அதன் பலன் இங்கேயும் கிடைத்தது. எதிரியின் பீரங்கிகளைத் தேடி அடிக்கும் வேலையை இந்தக் கோர் ஒழுங்காகச் செய்தது. முள்கம்பி நன்றாக அறுபட்டிருந்தது. இங்கே ஜெர்மானியரின் அரண்களும் வடக்கே உள்ளவை போல ஆழமானவை அல்ல. அதோடு மாக்ஸி என்ற மனிதர். பயிற்சி, பயிற்சி என்று உயிரை எடுத்தவர், தன் ஆட்களை எதிரிக்குப் பக்கத்தில், இரு தரப்பு வரிசைகளுக்கும் நடுவே இருந்த ஆளில்லா நிலத்துக்குள் முன்கூட்டியே நகர்த்தியவர், பீரங்கிக் குண்டுமழை நகர நகர அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு போக வைத்தவர். செப்டம்பர் 26ல் இதே 18வது டிவிஷன்தான், மூன்று மாதமாக எல்லோரையும் தின்றுகொண்டிருந்த தியெப்வாலையும் பிடித்தது. முதல் நாள் பார்த்த அந்த மேடு இந்தக் கணக்கில் மறுபடி வந்து நின்றபோது, படைப்பிரிவு வாரியாகப் பார்ப்பதன் அருமை புரிந்தது. இடம் இடமாகப் பார்த்தால் இந்த இரண்டும் இரண்டு தனிக் கதைகள்.

ஆனால் இங்கேதான் என் பெரிய புகாரும். செர்ருக்கும் பூங்காவுக்கும் அரை நாளுக்கு மேல் கொடுத்தவர் மோந்தோபானுக்கு முக்கால் மணி நேரம்தான் கொடுத்தார். கேட்டால், மக்கள் சோகமான இடங்களைத்தான் கேட்கிறார்கள் என்றார். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் முறை தலைகீழ். வெற்றி எப்படிக் கிடைத்தது என்று தெரியாமல் தோல்வி ஏன் வந்தது என்று யாருக்கும் விளங்காது. கிராமத்தைப் பிடித்த பிறகு அதற்கு மேல் போக ஆணை வரவில்லை, பின்னால் காத்திருந்த குதிரைப்படையையும் அன்று இறக்கவில்லை. இந்த விஷயத்தை அவர் ஓடுகிற வண்டியில் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இங்கே இறங்கி அரை மணி நேரம் விவாதித்திருக்க வேண்டும்.

மாமெட்ஸ் அருகே டெவன்ஷயர் கல்லறைத் தோட்டத்தை வேகமாகப் பார்த்தோம். அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒருவரான கேப்டன் மார்ட்டின், எதிரே இருக்கும் மெஷின் கன் தன் ஆட்களை எங்கே வெட்டிச் சாய்க்கும் என்பதைக் களிமண் போன்ற பொருளில் மாதிரி செய்து முன்பே காட்டியவர். சொன்ன இடத்திலேயே செத்தார்.

பிறகு பசந்தென் மேடு, ஹை வுட். ஜூலை 14ல் நான்காவது ஆர்மியின் தளபதி ராலின்சன் செய்ததைக் கேட்டபோதுதான் அந்த மனிதர்மீது எனக்கு மரியாதையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரவில் படைகளைச் சத்தமில்லாமல் முன்னால் கொண்டுபோய், ஐந்தே நிமிடம் கடுமையான குண்டுவீச்சு, விடியுமுன் 3.25க்குத் தாக்குதல். குறுகிய களமுனையில் நிறையக் குண்டு. ஜெர்மானியரின் இரண்டாம் வரிசை விழுந்தது. ஜூலை 1க்கு முன்பும் அவர் மனதில் இருந்தது இதைப் போன்ற ஒன்றுதான், கொஞ்சம் கடி, பிடித்ததை வைத்துக்கொள், அப்புறம் அடுத்த கடி. ஹெய்க் ஆழமாக உடைத்துக்கொண்டு போக வேண்டும் என்றார், இலக்கு ஆழமானது, அதே பீரங்கிகள் அதிக நிலத்தின் மேல் பரவின. ஏழு நாள், பதினைந்து லட்சம் குண்டு என்று கேட்கும்போது மலைப்பாக இருக்கும், அந்த நீள அகலத்துக்குப் பங்கிட்டால் தண்ணீர் கலந்த பால் மாதிரி ஆகிவிடும். ராலின்சன் தனக்குத் தெரிந்ததை வற்புறுத்தவில்லை. வழிகாட்டி இதை நாசூக்காக ‘அந்தக் காலத்து ராணுவப் பழக்கம்’ என்று சொல்லிக் கடந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே இருப்பவன் மறுப்புச் சொல்ல முடியாத அமைப்பில், ஆர்மித் தளபதி அளவில் இருப்பவர் ஒருவராவது மறுத்திருக்க வேண்டும். ஹெய்க்கிடமும் வழிகாட்டி காட்டிய கருணை அதிகம் என்று எனக்குப் பட்டது.

ஹை வுட் ஓரத்தில், அந்த ஜூலை 14 மாலை ஈட்டியோடு வந்த குதிரைப்படையில் இருபதாவது டெக்கான் ஹார்ஸ் என்ற இந்திய ரெஜிமெண்டும் இருந்தது என்றார். செகந்திராபாத் பிரிகேடைச் சேர்ந்தது. மாமா நிமிர்ந்துவிட்டார். காடு அன்று கிட்டத்தட்ட ஆளில்லாமல் இருந்தது, ஆனால் குதிரைப்படை வந்து சேர்வதற்குள் மாலையாகிவிட்டது. அந்தக் காடு முழுதாகக் கைக்கு வர செப்டம்பர் 15 ஆனது.

மூன்றாம் நாள் காலை நவ் ஷாப்பெல், ஒரு மணி நேர வண்டிப் பயணம். இது தனிக் கட்டணம், கட்டாயம் கொடுங்கள். 1915 மார்ச் 10ல் ஹெய்க்கின் முதல் ஆர்மி இங்கே தாக்கியது. இடப்பக்கம் ராலின்சனின் நான்காவது கோர், வலப்பக்கம் வில்காக்ஸின் இந்தியக் கோர், அதில் மீரட், லாகூர் டிவிஷன்கள். முப்பத்தைந்து நிமிடக் குண்டுவீச்சு, சில மணி நேரத்தில் கிராமம் கையில். அதற்கு அப்புறம், ஆணைகள் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் போய் வர, மதியம் முழுக்கப் படை சும்மா நின்றது. அடுத்த நகர்வு மாலையில்தான். அதற்குள் ஜெர்மானியர் அடைத்துவிட்டார்கள். சோமில் கேட்ட எல்லாவற்றுக்கும் முன்னோட்டம் இங்கேயே நடந்திருக்கிறது, அதே ஹெய்க், அதே ராலின்சன். “இங்கயும் லைன்தான்” என்றார் மாமா.

நினைவிடம் வட்ட வடிவமானது, ஹெர்பர்ட் பேக்கர் கட்டியது, 1927ல் திறந்தார்கள். தாமரை இதழ் செதுக்கிய உயர்ந்த தூண், அடியில் இரண்டு புலிகள். சுவரில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள், ரெஜிமெண்ட் வாரியாக. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ரெஜிமெண்டாகப் படித்துக்கொண்டே போனார். கடுவால் ரைஃபிள்ஸில் கபர் சிங் நேகியின் பெயரிடம் நின்றார். பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர், அந்த முதல் நாளிலேயே செத்தவர். பிறகு சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படையின் பட்டியலுக்குப் போனார். 1914 அக்டோபர் 28ல் இதே கிராமத்தில் இரண்டு சாப்பர் கம்பெனிகளைக் காலாட்படை மாதிரி இறக்கி, ஏறக்குறைய எல்லா அதிகாரிகளையும் இழந்ததை வழிகாட்டி அங்கே வைத்துச் சொன்னார். இந்தியப் பட்டாலியனில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு டஜன் பேர்தான், அவர்கள் செத்தால் மொழி தெரிந்த மாற்று ஆள் கிடையாது. இந்தக் கோர் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காமல் போனதற்கு, குளிரை விட, ஆள் நிரப்ப முடியாததுதான் முக்கியக் காரணம் என்று அவர் விளக்கியது எனக்குச் சரியாகப் பட்டது. 1915 முடிவில் காலாட்படை டிவிஷன்கள் இரண்டையும் மெசபொடேமியாவுக்கு (இன்றைய இராக்) அனுப்பிவிட்டார்கள். மாமா அங்கிருந்து கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. வழிகாட்டி ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி.

இனி நடைமுறை விஷயங்கள். முன்பதிவில் குழப்பம் நடந்தது. நாங்கள் மூன்று நாளுக்குப் பணம் கட்டியிருந்தும் அவர்கள் பட்டியலில் இரண்டு நாள்தான் இருந்தது, முதல் நாள் இரவு தொலைபேசியில் பேசித்தான் சரி செய்தோம். உறுதி மடலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் காற்று பலமாக அடிக்கும்போது வழிகாட்டியின் குரல் பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை, எட்டுப் பேருக்கு ஒரு சின்ன ஒலிபெருக்கி வைப்பதில் என்ன சிரமம் என்று தெரியவில்லை. கழிவறை நினைவு மையங்களில் மட்டும்தான், நடுவில் ஏதும் இல்லை, வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்கவும். நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம், மழை பெய்தால் அந்தச் சுண்ணாம்பு கலந்த களிமண் அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு காலே தூக்க முடியாது. உழுத வயலோரங்களில் துருப்பிடித்த குண்டுகளை விவசாயிகள் எடுத்து வைத்திருப்பார்கள், நாங்களே இரண்டு பார்த்தோம். அவை இன்னும் வெடிக்கக்கூடியவை, தொடவே கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அவர் பயன்படுத்தும் 1916 பதுங்குகுழி வரைபடத்தின் நகலைக் கேட்டால் கொடுக்கிறார், அதில் சிவப்பில் இருப்பது ஜெர்மானியர் வரிசை.

எந்த வழிகாட்டியிடம் பதிவு செய்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள், மோந்தோபானில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று. இவரிடம் பதிவு செய்கிறவர்கள், அங்கே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், கேட்டால் மாற்றிக் கொடுக்கிற மனிதர்தான். மாமா அடுத்த வருடம் கார்னுவாவிலிருந்து மோந்தோபான் வரை நடந்தே போக வேண்டும் என்கிறார், தேதி கேட்டு நேற்றுத்தான் எழுதியிருக்கிறேன்.